கழிமுகச் சேறு மேலே பழுப்பாகவும் தோண்டினால் கறுப்பாகவும் இருப்பது ஏன்?

பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஆக்சிஜன் பெரும்பாலும் மேல் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். அந்தப் பழுப்பு, இரும்பு ஆக்சைடு. கீழே மட்கும் இலைதழையைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள், பிறகு கடல்நீரின் சல்பேட் என்று ஏறக்குறைய இதே வரிசையில் ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்துகின்றன. சல்பேட்டிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்பு சல்ஃபைடாகி, நாளடைவில் பைரைட் என்னும் கனிமமாகும். நண்டு வளையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், கறுப்புக்குள் பழுப்பு வளையம் தெரியும். வளை வழியே ஆக்சிஜன் இறங்கியிருக்கிறது.

புதுச் சேற்றின் கன அளவில் பாதிக்கு மேல் நீர்தான். மேல்சுமை ஏற ஏற நீர் பிதுங்கி, களிமண் தகடுகள் படுக்கைவாக்கில் அடுக்காக அமையும்.

சேற்று மாதிரி எடுக்கச் செருகிய குழாயை வெளியே எடுத்ததும் இருமுனையையும் மூடி அடைத்துவிடுங்கள். காற்றுப் பட்டால் கறுப்பு பழுப்பாகிவிடும், அளவீடும் பொய்க்கும்.