பால், பருப்பை நிறுத்தினால் பேச்சு வந்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. இன்னும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. என் கணவர் எனக்கு அத்தை மகன். ஒரு அமினோ அமிலம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று படித்தேன். பால், முட்டை, பருப்பை நிறுத்திவிடலாமா? நான் இப்போது 2 மாதக் கர்ப்பிணி. - வாசகி, திருச்சி

பதில்: எதையும் நிறுத்தாதீர்கள் அம்மா. வளரும் பிள்ளைக்குப் புரதத்தைக் குறைத்தால் இருக்கிற வளர்ச்சியும் தடைப்படும்.

நீங்கள் படித்தது ஃபீனைல்அலனின் பற்றி இருக்கலாம். புரத உணவு எல்லாவற்றிலும் உள்ள, உடலுக்குக் கட்டாயம் தேவையான அமினோ அமிலம், அதாவது புரதத்தை உருவாக்கும் சிறு கூறு அது. மிஞ்சுவதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி (என்சைம்) டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிவிடும். பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாத சிலருக்கு மட்டும் அது ரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கிறது. பி.கே.யு. (ஃபீனைல்கீட்டோன்யூரியா) என்பது இந்த நோய்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் காரணமே ஒரு தாயின் பிடிவாதம். நார்வேயில் மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளோடு டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார் அவர். பிள்ளைகளிடம் ஒரு மாதிரி வாடை வருகிறதே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1934-ல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அவர்களின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டுப் பார்த்தார். அது பச்சையாக மாறியது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1950-களில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டாக்டர் ஹோர்ஸ்ட் பிக்கல் குழுவினர், நிற்கக்கூட முடியாமல் தலையை மோதிக்கொண்டு அழுத 2 வயதுச் சிறுமிக்கு ஃபீனைல்அலனின் குறைந்த உணவு கொடுத்தார்கள். அவள் தவழ்ந்தாள், நின்றாள், தலைமுடிகூடக் கருத்தது. ஆனால் ஏற்கெனவே நேர்ந்த பாதிப்பு முழுதாக மாறாது. பிறந்த சில நாட்களிலேயே தொடங்கினால்தான் முழுப் பலன்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். பேச்சுத் தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு, பி.கே.யு. அதில் அபூர்வமான ஒன்று. கூப்பிட்டால் திரும்பவில்லை என்கிறீர்களே, முதலில் காது கேட்கும் திறனைப் பாருங்கள். ஆட்டிசத்துக்கான மதிப்பீடும் வேண்டும். ரத்தத்தில் அமினோ அமில அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் என்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம். யார் என்ன சொன்னாலும் இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

ஒருவேளை மகனுக்கு பி.கே.யு. என்று தெரிந்தால், அடுத்த குழந்தைக்கும் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. மரபணு மாற்றத்தைக் கண்டறிந்துவிட்டால் 11 வாரத்துக்கு மேல் கருவிலேயே பரிசோதிக்கலாம். அதனால் இந்த வாரமே ஒரு மரபியல் மருத்துவரைப் பாருங்கள். முடிவு எப்படி வந்தாலும், குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழிந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்த நோய் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.