1994 பேஸ்பால் சீசனில் முதலிடத்தில் இருந்த மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் அணிக்கு ஏன் கோப்பை கிடைக்கவில்லை?

யாரும் அவர்களை முதலிடத்திலிருந்து இறக்கவில்லை. சீசனே பாதியில் நின்றுபோனது.

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். கனடாவின் எக்ஸ்போஸ் 114 ஆடி 74-இல் வென்றிருந்தது. 28 அணிகளில் அதுதான் முதலிடம். பணக்கார அணியும் இல்லை. பயிற்சியாளர் பெலிப்பே அலூ, அவர் மகன் மொய்சேஸ், லாரி வாக்கர், இளம் பெட்ரோ மார்ட்டினெஸ் என்று குறைந்த சம்பளத்தில் சேர்ந்த கூட்டம்.

அணி முதலாளிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள். வீரர்கள் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. செப்டம்பர் 14 அன்று, கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யும் இறுதிப் போட்டியான உலகத் தொடரையே ரத்து செய்தார்கள். 1904-க்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை.

1995 மார்ச் கடைசியில் நீதிபதி சோனியா சோட்டோமேயர் முதலாளிகளுக்கு எதிராகத் தடை உத்தரவு போட்ட பிறகுதான் வீரர்கள் திரும்பினார்கள். (பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான அதே சோட்டோமேயர்தான்.)

என்னைக் கேட்டால், எக்ஸ்போஸுக்கு உண்மையான அடி அதற்கப்புறம்தான் விழுந்தது. செலவைக் குறைக்க நிர்வாகம் சில நாட்களிலேயே கென் ஹில், வெட்டலண்ட், மார்க்விஸ் கிரிஸம் மூவரையும் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டது. வாக்கரும் கொலராடோ போய்விட்டார். கிரிஸம் போய்ச் சேர்ந்தது, 1994-இல் எக்ஸ்போஸுக்குப் பின்னால் இரண்டாமிடத்தில் இருந்த அட்லாண்டாவுக்கு. 1995 உலகத் தொடரை அட்லாண்டா வென்றபோது கடைசி கேட்சைப் பிடித்தவரே அவர்தான். மாண்ட்ரியால் ரசிகனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதன் பிறகு எக்ஸ்போஸ் மாண்ட்ரியாலில் இருந்தவரை, சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்குத் தகுதி பெறவே இல்லை. 2005-இல் வாஷிங்டனுக்கு மாறி, நேஷனல்ஸ் ஆனது.