கேபினெட்டுக்குள் கறுக்கும் செம்பு: பெட்டியை மாற்றினால் தீருமா?

கேள்வி: இயற்கை எரிவாயு கம்ப்ரஸர் நிலையம் ஒன்றில் கருவிப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். கம்ப்ரஸருக்குச் சற்றுத் தள்ளி, திறந்தவெளியில் ஒரு பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) ரிமோட் ஐ/ஓ கேபினெட் நிற்கிறது. தூசி, நீர் புகாமைக்கான தரம் ஐபி 66. இடம் ஸோன் 2, அதாவது எரியும் வாயு எப்போதாவது மட்டும் சேரக்கூடிய வெடிப்பு அபாயப் பகுதி. இரண்டு வருடத்தில் ஐந்து கார்டுகள் (மின்னணுச் சுற்றுப் பலகைகள்) போய்விட்டன. திறந்து பார்த்தால் தண்ணீரும் இல்லை, தூசியும் இல்லை. செம்புக் கம்பி முனைகள் மட்டும் கரிபோலக் கறுத்திருக்கின்றன. எங்கள் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சம் உண்டு, ஆனால் அந்த இடத்தில் கேஸ் டிடெக்டர் அலாரம் அடித்ததே இல்லை. ஒரு சப்ளையர், ஐபி 68 தரத்தில் 'நேஸ் சான்று' பெற்ற பெட்டி வாங்குங்கள், கார்டுகளை எடுத்துப்போய்க் கோட்டிங் அடித்துத் தருகிறேன், அதுவரை கதவு ஓரத்தில் சிலிக்கோன் பூசிவையுங்கள் என்கிறார். செய்யலாமா?

பதில்: மூன்றையும் செய்யாதீர்கள்.

உங்கள் கம்பி முனையில் இருக்கும் கறுப்பு, செம்பு சல்ஃபைடு. காற்றோடு உள்ளே வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஈரப்பதமும் சேர்ந்துகொண்டு செம்பையும் வெள்ளியையும் அரிக்கின்றன. கம்பியில் அது கண்ணுக்குத் தெரிகிறது, கார்டில் தெரியாது. கார்டில் வரிசையாக ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு ரெசிஸ்டர்கள் பலவற்றின் உள்முனை வெள்ளி. அந்த வெள்ளி சல்ஃபைடாக மாற மாற மின்தடை ஏறும், ஒரு கட்டத்தில் இணைப்பே அறுந்துபோகும். ரிலேயின் தொடுமுனைகளும் வெள்ளிக் கலவைதான். இன்னொரு பக்கம், செம்பு சல்ஃபைடு கார்டின் மேற்பரப்பில் ஊர்ந்து பரவி, பக்கத்துப் பக்கத்துத் தடங்களை இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும்.

டிடெக்டர் அலாரம் அடிக்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அது மனிதரைக் காப்பாற்ற வைத்த கருவி. பொதுவாக அதன் அலாரம் பத்து லட்சத்தில் 5 அல்லது 10 பங்கு வந்தால்தான் அடிக்கும். எலெக்ட்ரானிக்ஸுக்கான ஐஎஸ்ஏ 71.04 தர ஆவணமோ, கடுமை குறைந்த சூழல் என்பதற்கு வழிகாட்டியாகச் சொல்லும் அளவு நூறு கோடியில் 3 பங்குக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. அதுவும் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்தக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 சதவீதம் ஏறும்போதும் சூழலின் கடுமை ஒரு படி கூடும் என்றே அந்த ஆவணம் வைத்துக்கொள்கிறது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத காற்று கார்டைக் கொன்றுவிடும்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். ஐபி எண்ணில் முதல் இலக்கம் திடப்பொருளையும் தூசியையும் பற்றியது, இரண்டாவது தண்ணீரைப் பற்றியது. வாயுவைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெயிலில் உள்ளே 60 டிகிரி வரை சூடான பெட்டி இரவில் 25 டிகிரிக்கு இறங்கினால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அந்த இழுப்புக்குக் கேஸ்கெட்டும் (கதவு ஓர அடைப்பு) கேபிள் கிளாண்டும் (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் பாகம்) கேபிளின் உட்புற இடுக்குகளும் வழிவிடும். ஒவ்வொரு இரவும் பெட்டி வெளிக்காற்றை உறிஞ்சுகிறது, ஒவ்வொரு பகலும் வெளியே விடுகிறது. ஐபி 68 பெட்டியும் கேபிள் நுழைந்த பிறகு இதையேதான் செய்யும். இன்னொன்றையும் கவனியுங்கள். 8 என்பது மூழ்கலுக்கான சோதனை. பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. அது வேண்டுமென்றால் பெட்டியில் 66, 68 இரண்டு எண்களும் போட்டிருக்க வேண்டும். பெரிய எண் எல்லாவற்றுக்கும் மேலானது என்று சொல்லி விற்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

பெட்டியை மாற்றும் பேச்சுக்கு முன்னால், இருக்கும் பெட்டியின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். பயன்படாத நுழைவாயில்களில் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் மூடிகள் அப்படியே இருக்கும். அவை போக்குவரத்துக்காகப் போட்டவை. சான்றுள்ள உலோக பிளக் போட வேண்டிய இடம் அது.

சிலிக்கோன் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சந்தையில் எளிதாகக் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் உறையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் செம்பை அரிக்க அதுவே போதும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. எரியும் வாயுவைக் கண்டுபிடிக்க வினையூக்கி மணி வகை டிடெக்டர்கள் உங்கள் நிலையத்தில் இருந்தால், சிலிக்கோன் ஆவி அந்த மணியைச் செயலிழக்கச் செய்துவிடும். டிடெக்டர் செத்துப்போய்விட்டதை அது உங்களுக்குச் சொல்லாது. திரையில் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கார்டைக் காப்பாற்றப்போய் நிலையத்தின் கண்ணைக் குத்திவிடாதீர்கள். ஏற்கெனவே யாராவது பூசியிருந்தால், அந்தப் பகுதியின் டிடெக்டர்களைச் சோதனை வாயு காட்டி இன்றே சரிபாருங்கள்.

'நேஸ் சான்று பெற்ற பெட்டி' என்பது எண்ணெய்-எரிவாயுத் தொழிலில் சுற்றித் திரியும் பழைய தந்திரம். நேஸ் என்ற அரிப்புத் தடுப்பு அமைப்பின் எம்ஆர் 0175 என்ற தர ஆவணம் 1975-இல் வந்தது, இன்று ஐஎஸ்ஓ 15156 என்றும் வழங்குகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள சூழலில் குழாய், வால்வு, கிணற்றுத்தலை போன்றவற்றின் உலோகம் வெடித்துப் பிளக்காமல் இருக்க எந்த உலோகம், எந்தக் கடினத்தன்மை என்று சொல்வது அது. பெட்டிக்குள் இருக்கும் கார்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னால் வாங்குபவர் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார் என்பதற்காகவே சொல்கிறார்கள், விலையையும் ஏற்றுகிறார்கள்.

இடம் ஸோன் 2 என்பதால் வெடிப்புப் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். சப்ளையர் காட்டும் நகலை நம்பாதீர்கள். ஐஇசி ஈஎக்ஸ் (வெடிப்பு அபாயப் பகுதிக் கருவிகளுக்கான பன்னாட்டுச் சான்று அமைப்பு) சான்றாக இருந்தால், அந்த அமைப்பின் இணையதளத்தில் எண்ணைத் தட்டி யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மூன்றைப் பாருங்கள். சான்று இன்னும் நடப்பில் இருக்கிறதா? எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' என்ற எழுத்து இருக்கிறதா? இருந்தால் சிறப்பு நிபந்தனைகள் உண்டு, அவற்றைப் படிக்காமல் வாங்கக் கூடாது. சுற்றுப்புற வெப்பநிலை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? ஒன்றும் குறிக்கவில்லை என்றால் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைதான் அந்தச் சான்று செல்லும். 40-ஐத் தாண்டும் இடத்தில் அந்தப் பெட்டி நிற்கவே கூடாது. நிற்கிறது, பல இடங்களில் நிற்கிறது, ஆய்வுக்கு வருபவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் அளந்து பாருங்கள். செம்பும் வெள்ளியும் சேர்ந்த சிறு சோதனைத் தகடுகள் கிடைக்கும். கேபினெட்டுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று 30 நாள் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், எவ்வளவு தடிமனுக்கு அரிப்பு படிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். செம்பில் மாதம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) கீழும் வெள்ளியில் 200-க்குக் கீழும் இருந்தால்தான் அது எலெக்ட்ரானிக்ஸுக்குக் கடுமை குறைந்த சூழல். செம்பில் 2000-ஐத் தொட்டுவிட்டால், சாதாரணக் கார்டு எதுவும் அங்கே நிலைக்காது. செம்புத் தகடு மட்டும் போதும் என்று ஒருவர் வருவார். ஒப்புக்கொள்ளாதீர்கள், செம்பு கண்டுகொள்ளாத அரிப்பை வெள்ளி காட்டிக்கொடுக்கும். காற்றில் ஈரம் மிகுந்த மாதத்தில் வையுங்கள். வறண்ட மாதத்தில் வைத்து நல்ல அறிக்கை வாங்கிக் கோப்பில் போட்டுக்கொள்வதால் கார்டு பிழைக்காது.

அளந்த பிறகு சிறந்த வழி, எலெக்ட்ரானிக்ஸை அங்கிருந்து எடுத்துவிடுவது. கம்ப்ரஸர் பக்கத்தில் டெர்மினல் பெட்டி மட்டும் இருக்கட்டும். பிஎல்சி கார்டுகள் கட்டுப்பாட்டு அறைக்குப் போகட்டும், அறைக்கு வரும் காற்று வாயுவை உறிஞ்சும் வேதி வடிகட்டி வழியாக வரட்டும், உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். கேபிள் செலவு ஒருமுறை செய்வதுதான். ஐந்து கார்டின் விலையையும், ஒவ்வொன்றுக்காகவும் கம்ப்ரஸர் நின்ற நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு நிர்வாகத்திடம் பேசுங்கள். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. கார்டு வாங்கும் பணம் உதிரிபாகக் கணக்கிலிருந்து வருகிறது, அதை யாரும் கேட்பதில்லை. கேபினெட்டை நகர்த்தும் பணம் மூலதனக் கணக்கிலிருந்து வர வேண்டும், அதற்கு மூன்று குழு கூட வேண்டும். டெண்டரிலோ பழைய ஆவணத்திலிருந்து 'ஐபி 65 அல்லது அதற்கு மேல்' என்ற ஒரே வரியை நகலெடுத்து ஒட்டிவிட்டு, குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காற்றில் என்ன இருக்கிறது என்று அந்த ஆவணம் கேட்பதே இல்லை.

நகர்த்தவே முடியாது என்றால் பர்ஜ் செய்யுங்கள். உலர்ந்த சுத்தமான காற்றைக் கேபினெட்டுக்குள் மெல்லச் செலுத்திக்கொண்டே இருந்தால், வெளிக்காற்று உள்ளே வராது. வெடிப்புப் பாதுகாப்புக்கான பர்ஜ் முறையில் வகையைப் பொறுத்து 25 அல்லது 50 பாஸ்கல் கூடுதல் அழுத்தமே போதும் என்கிறார்கள், மிகச் சிறிய அளவுதான் அது. ஆனால் ஸோன் 2 என்பதால் இருக்கும் கேபினெட்டில் துளைபோட்டுக் குழாய் மாட்டக் கூடாது, துளை விழுந்தால் பெட்டியின் சான்று போச்சு. சான்றுள்ள பர்ஜ் அமைப்போடு, தகுதி உள்ளவரைக் கொண்டு செய்ய வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது என்றும் விசாரியுங்கள். காற்றுக் கம்ப்ரஸர் அதே வாயு சூழ்ந்த இடத்திலிருந்து உறிஞ்சினால், நஞ்சை நீங்களே குழாய் போட்டு உள்ளே அனுப்புகிறீர்கள். தொலைவான சில நிலையங்களில் கருவிகளை இயக்கக் காற்றுக்குப் பதில் இயற்கை எரிவாயுவையே பயன்படுத்துகிறார்கள். அந்தக் குழாயிலிருந்து ஒருபோதும் பர்ஜ் எடுக்காதீர்கள். பெட்டி முழுக்க எரிவாயுவை நிரப்பி, நடுவில் மின்சாரத்தையும் வைத்த கதையாகிவிடும்.

கடைசியாகக் கோட்டிங். தொழிற்சாலையிலேயே பூச்சிட்டு, கலப்பு வாயுச் சோதனை (அரிக்கும் வாயுக்களின் கலவையில் வைத்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையோடு வரும் கார்டு நல்லது. அடுத்த முறை அதையே கேட்டு வாங்குங்கள். வாங்கிய கார்டைச் சப்ளையர் எடுத்துப்போய்த் தெளித்துத் தருவது வேறு. உற்பத்தியாளரின் வாரண்டி போய்விடும், கார்டின் ஸோன் 2 சான்றும் போய்விடும். தெளிப்பது சிலிக்கோன் வகையாகவும் இருக்கலாம். ஈரத்துக்கு அது தேவலை, ஆனால் கந்தக வாயுவைத் தாராளமாக உள்ளே விடும். பழைய கார்டில் அடித்தால், ஏற்கெனவே படிந்த சல்ஃபைடையும் உப்பையும் பூச்சுக்குக் கீழே பூட்டி வைத்ததாகும். அரிப்பு உள்ளிருந்தபடியே தொடரும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்களிடம் பழைய கட்டுப்பாட்டு அமைப்பு இருந்து, அதன் கார்டு உற்பத்தி நின்றுபோயிருந்தால், கையில் இருக்கும் கடைசி ஸ்பேர்களைப் பூச்சிட்டு வைப்பதில் பொருள் இருக்கிறது. அப்போதும் நிபந்தனைகள் பல. முதலில் உற்பத்தியாளருக்கு எழுதிக் கேளுங்கள். அதே கார்டின் பூச்சிட்ட வகை எங்காவது இருப்பில் இருக்கலாம். இல்லை என்றால், அந்தக் கார்டு சாதாரணக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பதாக இருக்க வேண்டும். ஸோனுக்குள் நிற்கும் கார்டு கூடாது, அவசர நிறுத்த அமைப்பின் கார்டும் கூடாது. ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கார்டாக இருக்க வேண்டும். கழுவி, அயனிக் கசடு (உப்பு மிச்சம்) இல்லை என்று சோதித்து, சூட்டில் உலர்த்திய பிறகே பூச்சு. கனெக்டர், சுவிட்ச், ரிலே எல்லாவற்றையும் மறைத்துத்தான் பூச வேண்டும். ஆனால் மறைத்த அந்த இடங்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பூச்சு பாரிலீன் என்ற பிளாஸ்டிக் வகையாக இருக்கட்டும். வெற்றிடத்தில் ஆவியாகப் படிய வைப்பது, 10 முதல் 50 மைக்ரான் தடிமன், மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராகப் படியும். அதைச் செய்ய உரிய கருவி வேண்டும், டப்பாவும் தூரிகையும் வைத்திருப்பவரால் முடியாது. பூசிய பிறகு முழுச் சுமையில் ஓட்டிச் சூட்டையும் பார்க்க வேண்டும். பிற்பாடு அந்தக் கார்டைப் பழுது பார்ப்பது கிட்டத்தட்ட நடக்காது. இத்தனைக்கும் சம்மதம் என்றால் செய்யுங்கள். உங்கள் கேபினெட்டுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

இந்த வாரமே ஸ்பேர் கார்டுகள் இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தால் கழற்றுங்கள். அதில் கந்தகம் உண்டு, அட்டைப்பெட்டியிலும் உண்டு. ஈரத்தை உள்ளே விடாத, ஸ்டாட்டிக் தடுக்கும் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடி, கம்ப்ரஸர் பகுதியிலிருந்து தள்ளி வையுங்கள். பழுதான ஐந்து கார்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாமல் தனித்தனிப் பையில் வைத்து, எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி வையுங்கள். தகட்டு அறிக்கையோடு அவற்றையும் மேசைமேல் வைத்தால், மூலதனக் கணக்குக் குழு சீக்கிரம் கூடும்.