திரும்பி வராத படிவங்கள்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். இந்த ஆண்டு என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 30 இடங்களுக்கு எட்டாம் வகுப்பில் 90 பிள்ளைகள் கை தூக்கினார்கள். பெற்றோர் கையொப்பத்துடன் திரும்பி வந்த படிவங்கள் 41. மற்ற வீடுகளில் அக்கறையில்லை என்று விட்டுவிட்டேன். இந்த 41 பேரில் மதிப்பெண்ணைப் பார்ப்பதா, உயரத்தையும் ஓட்டத்தையும் பார்ப்பதா? சிபாரிசுகளும் வருகின்றன. நேர்காணலில் கேட்பதற்கு மூன்று நல்ல கேள்விகளைச் சொல்ல முடியுமா?

க.

அன்புள்ள ஆசிரியைக்கு,

அப்பச்சியின் (எங்கள் வழக்கில் அப்பா) கணக்குப் பெட்டியைச் சென்ற வாரம் ஒழித்தபோது, 1979-இல் எங்கள் பள்ளி என்.சி.சி. அணியை எடுத்த புகைப்படம் கிடைத்தது. மூன்றாம் வரிசையில், தலைக்குப் பெரிதான தொப்பியுடன் நான் நிற்கிறேன். அந்தப் படத்தில் இல்லாத ஒருவனை இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உயரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆயுத பூசைக்குள் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறும்படி வளர்ந்துவிடும். மதிப்பெண்ணுக்கு ஆண்டு முழுவதும் தேர்வு வைக்கிறீர்கள், இங்கும் அது எதற்கு? சிபாரிசுகளுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

ஆனால் “அக்கறையில்லை” என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். அதை எந்த வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு எழுதினீர்கள்?

எங்கள் தேர்வு செம்மண் மைதானத்தில் நடந்தது. சுவரில் செங்கல் துண்டால் ஒரு கோடு கிழித்து உயரம் பார்த்தார்கள்; பிறகு மைதானத்தை நான்கு முறை சுற்றி ஓடச் சொன்னார்கள். செம்பூரான் சரளை மேல் வெறுங்காலோடு ஓடி முதலில் வந்தவன் என் பக்கத்து இருக்கைக்காரன். நான் இரண்டாவது சுற்றிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எல்லோர் கையிலும் படிவத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் தந்தையின் கையொப்பத்தோடு வர வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டு முகப்பில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பச்சி, என்ன தாள் என்று கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவனுடைய தந்தை கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் கூட்டத்தில் ஒருவர். ஆனி மாத முகூர்த்தங்களை முடித்துக்கொண்டு ஆடி பிறந்த பிறகுதான் ஊர் திரும்புவார். தாயின் கைரேகையை வாங்கிக்கொண்டு வந்தான். அது செல்லாது, தந்தை கையொப்பம்தான் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நானே போட்டுத் தருகிறேன் என்று பேனாவைத் திறந்தேன். “எங்க அய்யா கையெழுத்துப் போடுவாருன்னு சொன்னா ஊருல யாருடா நம்புவா?” என்று சிரித்துக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அணிவகுப்பு முடிந்து எங்களுக்குப் பூரி கொடுக்கும் மாலைகளில் அவன் அந்தப் பக்கம் வரமாட்டான்.

அங்கே என்னைத் தேர்ந்தெடுத்தது அப்பச்சியின் பேனா. அவன் வீட்டில் அக்கறை இல்லையென்று எங்கள் ஆசிரியரும் நினைத்திருப்பார்.

1948-இல் இயற்றப்பட்ட என்.சி.சி. சட்டம், மாணவன் தானே முன்வந்து தன்னைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கலாம் என்றுதான் பேசுகிறது. சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள். 1968-இல் மறுபடியும் விருப்பத்துக்கு விட்டார்கள். விருப்பம் என்றால் யாருடைய விருப்பம் என்று நான் கேட்கிறேன். உங்கள் முன்னால் 90 பிள்ளைகள் கை தூக்கினார்கள். விருப்பம் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது. சிறுவர்களைச் சேர்க்கும்போது பெற்றோரின் இசைவு கட்டாயம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இசைவு கேட்பது உங்கள் வேலை. அதை ஒரு தாளில் மடித்துப் பிள்ளையின் புத்தகப் பைக்குள் போட்டு அனுப்பிவிட்டு, தாள் வரவில்லை என்றதும் வீட்டின் மேல் பழி போடுவது சோம்பல். கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உங்களைவிட எங்கள் பழைய ஆசிரியரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன் போலும்.

இன்றைக்குத் தந்தை சமையல் வேலைக்குப் போயிருக்கலாம், சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கலாம். பிள்ளை அப்பத்தாவிடம் வளரலாம். சீருடைப் பணம் நேரே வங்கிக் கணக்கில் போடப்படுவதால் கணக்குப் புத்தகமும் கேட்கிறார்கள். கணக்கு இல்லாத வீட்டில் அதைக் கேட்ட அன்றே படிவம் பரணுக்குப் போயிருக்கும். பெண்பிள்ளை என்றால், முகாமில் இரவு எங்கே தூங்குவாள், உடன் எந்த ஆசிரியை இருப்பார் என்ற கேள்விக்குப் படிவத்தில் பதில் இல்லை. நீங்களே போய்த் திண்ணையில் உட்கார்ந்து, நான் உடன் இருப்பேன் என்று சொன்னால் அந்த அப்பத்தா காப்பாளர் என்ற இடத்தில் ரேகை வைப்பார். அதை நீங்களே சான்றளித்து அனுப்புங்கள், திருப்பி அனுப்பினால் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

என்.சி.சி. பட்டாலியன் அலுவலகத்தில் பேசிக் கடைசி நாளை ஆடி முதல் வாரம் வரை தள்ளி வைக்க முடியுமா என்று பாருங்கள். மீதமுள்ள 49 வீடுகளில், டவுன் பஸ் கடைசியாகப் போய் நிற்கும் ஊரிலிருந்து தொடங்குங்கள். மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள், அப்போதும் தேவைப்பட்டால் சொல்கிறேன்.