இசை விமர்சனத்தை நையாண்டி மேளத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

திரையிசை, கர்நாடக இசை, நாட்டார் இசை என அனைத்தையும் விமர்சித்து வந்த நீங்கள், இனி மதுரை வட்டாரத்து நையாண்டி மேளத்தை மட்டும் எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும் என்பதே என் உறுதியான கருத்து.

ஒரே வகையைத் தொடர்ந்து கேட்பவருக்குத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் காது வாய்க்கிறது. கோயிலின் பெரிய மேளத்தில் நாதசுரம் இராகத்தை நிதானமாக விரித்துச் செல்ல இடமிருக்கிறது; அதே நாதசுரமும் தவிலும் பம்பை, தமுக்கு ஆகிய தோல்கருவிகளோடு சேர்ந்து நையாண்டி மேளமாகக் கரகாட்டத்துக்கு ஒலிக்கும்போது, ஆடுபவரின் காலசைவுக்கு மேளம் கணத்துக்குக் கணம் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், நல்ல வாசிப்பு என்பதன் பொருளே மாறிவிடுகிறது. கச்சேரி மேடையின் அளவுகோலால் இதை அளப்பது அக்கலைஞர்களுக்கு இழைக்கும் அநீதி.

பங்குனி, சித்திரை மாதங்களில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களுக்குச் சென்று, ஒரே குழுவை இரண்டு மூன்று ஊர்களில் விடிய விடிய இருந்து கேளுங்கள். நாதசுரக் கலைஞரோடு நின்றுவிடாமல், பம்பையும் தமுக்கும் வாசிப்பவர்களின் பெயர்களையும் கேட்டறிந்து எழுதுங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எழுதாவிட்டாலும் பெரிய மேளத்தைக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். நையாண்டி மேளம் எதை வைத்துக்கொண்டது, எதை விட்டது என்பது அங்கேதான் புலப்படும்.