முதுகுத்தண்டு அடிபட்டவரை மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா? வீட்டிலேயே பிசியோதெரபி போதாதா?

உங்கள் அண்ணன் மாடியிலிருந்து விழுந்து, ஆபரேஷனும் முடிந்து, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். வீட்டிலோ, தினமும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து போனால் போதும் என்கிறார்கள்.

சேர்த்துவிடுங்கள். இடம் கிடைத்தால் இந்த வாரமே. வயரிங் வேலைக்குப் போன இடத்தில் விழுந்த என் வீட்டுக்காரரோடு, வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்தில் அட்டெண்டராக, அதாவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் துணையாக, தங்கியிருந்தவள் நான். அதை வைத்துத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் காலை நீட்டி மடக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். மூட்டு இறுகாமல் இருக்க அது தேவைதான். மீதி 23 மணி நேரத்தை யார் பார்ப்பது? உணர்ச்சி இல்லாத தோல் ஒரே பக்கம் அழுந்திக்கொண்டிருந்தால் சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண் ஆரம்பித்துவிடும். அதற்காகத்தான் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, வீல்சேரில் இருக்கும்போது அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது எல்லாம். சிறுநீர்ப்பை நிறைவதும் அவருக்குத் தெரியாது. நிறைந்து பின்னால் அழுத்தினால் சிறுநீரகமே கெடும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான குழாயை அவரே போட்டுச் சிறுநீரை எடுத்துவிடப் பழக வேண்டும். மலம் கழிக்கவும் தினம் ஒரே நேரம் என்று உடம்பைப் பழக்க வேண்டும். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால்கூட ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, தலை வெடிப்பது போல வலிக்கும், முகம் வியர்க்கும். உடனே உட்கார வைத்துக் குழாயைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டில் இருக்கிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஊரில் யாராவது எண்ணெய் காய்ச்சித் தேய்க்கலாம், வெந்நீர்ப் பையில் ஒத்தடம் கொடுக்கலாம் என்று அன்போடு வருவார்கள். அந்தக் காலில் சூடு தெரியாது. வெந்துபோன பிறகுதான் கொப்புளத்தைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

இதையெல்லாம் நர்ஸும் தெரபிஸ்டும் சொல்லித் தருவார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் பாதிக்கு மேல் கற்றுக்கொண்டது பக்கத்துக் கட்டில்காரர்களிடம்தான். அதனால்தான் வீட்டில் வைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது என்கிறேன்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்ட் பலமுறை செய்து காட்டியும் இவருக்குப் பயம் போகவில்லை. கால் இரண்டும் தனக்குச் சொந்தமில்லாத மாதிரி கிடக்கும்போது பயம் இருக்கத்தானே செய்யும். எதிர்க் கட்டிலில் ஜார்கண்டிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் வராது, இவருக்கு இந்தி வராது. ஒருநாள் மத்தியானம் அவர் தன் வீல்சேரை உருட்டிக்கொண்டு வந்து கட்டிலோடு சாய்வாக ஒட்டி நிறுத்தினார். பிரேக்கைப் போட்டார், போட்டதை ஆட்டியும் காட்டினார். பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றினார். வழவழப்பான பலகையில் ஒரு முனையைத் தன் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு தன் தலையைத் தொட்டு இந்தப் பக்கம் என்று காட்டி, இடுப்பைத் தொட்டு அந்தப் பக்கம் என்று காட்டினார். முன்னால் குனிந்து தலையைக் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்தார்; இடுப்பு தானாகத் தூக்கிக்கொண்டு பலகைமேல் நகர்ந்தது. மூன்று சின்ன நகர்வில் கட்டிலுக்கு வந்துவிட்டார். திரும்பவும் செய்தார். தன்னைப் போலவே கால் அசையாத ஒருவர் செய்வதைப் பார்த்த பிறகுதான் இவருக்குக் கை ஊன்றும் தைரியம் வந்தது. சாயங்காலம் இவர் முதல்முறை தானாக மாறி உட்கார்ந்தபோது அந்த வார்டே கைதட்டியது.

குழாய் போடும் விஷயமும் அப்படித்தான். என்னிடம்கூட அதைப் பேச இவர் கூச்சப்பட்டார். அங்கே இருந்த ஒரு காலேஜ் பையன், "அண்ணே, நான் பஸ் ஏறினாலும் இது பையில இருக்கும். பரீட்சை எழுதப் போனப்பவும் இருந்துச்சு" என்று சாதாரணமாகச் சொன்னதும் இவரும் சரி என்று ஒப்புக்கொண்டார்.

அட்டெண்டர்களுக்கும் அது ஓர் ஊர்தான். புண் வந்திருக்கிறதா என்று இரவில் எங்கெங்கே பார்க்க வேண்டும், மெத்தை எப்படி வாங்க வேண்டும், வீட்டு வாசலில் சரிவுப் பாதை போட கொத்தனாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் எனக்கு முன்னால் வந்த அக்காக்கள் சொல்லிக் கொடுத்தார்கள். புருஷனுக்குத் தெரியாமல் அழுவதற்கும் அங்கே ஆள் இருந்தது. அதுவும் வேண்டியிருக்கிறது.

பாகாயம் நிலையத்தைத் தொடங்கியவரைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. டாக்டர் மேரி வர்கீஸ். சி.எம்.சி.யில் டாக்டராக இருந்தபோது 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைப் பொறுப்பேற்று நடத்தினார். 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. இவரைப் பற்றிக் கேட்ட அன்று என் வீட்டுக்காரர் இரவு வெகுநேரம் தூங்கவில்லை. 'அந்தம்மா உட்கார்ந்துகிட்டே ஆபரேஷன் பண்ணியிருக்காங்க' என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் மோட்டார் காயில் கட்டுகிறார், உட்கார்ந்தபடிதான்.

பழைய நோயாளிகள் திரும்பி வந்து கூடும் 'ரீஹாப் மேளா' என்று ஒரு திருவிழாவும் அங்கே நடக்கும். விளையாட்டு, பாட்டு, உடம்புப் பரிசோதனை எல்லாம் உண்டு. அடிபட்டுப் பல வருடமானவர் கடை நடத்துகிறார், பிள்ளையைப் படிக்க வைக்கிறார் என்று நேரில் பார்ப்பது புதிதாக அடிபட்டவருக்கு எந்த ஆறுதல் வார்த்தையும் தராததைத் தரும். விளையாட்டு என்பது சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மேன் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களை விளையாட வைத்தார். 1948-ல் 16 பேரோடு அங்கே நடந்த அம்பெய்தல் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக் ஆக வளர்ந்தது.

நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கும் கேள்வி, நடப்பாரா என்பது. நரம்பு எவ்வளவு அறுபட்டிருக்கிறது, எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்தது அது. ஓரளவு உணர்ச்சி மிச்சமிருப்பவர்கள் சிலர் நன்றாகவே தேறுகிறார்கள். சிலர் காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிச் சட்டம்) போட்டுக் கொஞ்ச தூரம் நடக்கிறார்கள். பலருக்கு வீல்சேர்தான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவார் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போய் நிலத்தை விற்றுவிடாதீர்கள்.

வேலூர் தூரம் என்றால் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. தென்காசி பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். அதை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். சேரும்போது ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். கூடத் தங்க ஒரே ஆளை நிலையாக அனுப்புங்கள். ஆள் மாறினால் பயிற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அண்ணன் அங்கே இருக்கும்போதே நீங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, வீல்சேர் மூன்றுக்கும் மனு கொடுங்கள். வீட்டில் கழிவறைக் கதவின் அகலத்தையும் அளந்துவைத்துக்கொள்ளுங்கள். வீல்சேர் அளவெடுக்கும்போது தெரபிஸ்ட் முதலில் அதைத்தான் கேட்பார்.