மச்சான் சொல்கிறபடி காத்திருக்கலாமா?

கேள்வி: அக்கா, 2010இல் லண்டன் ஹாரோவில் இரண்டு அறை பிளாட் ஒன்றை என் பெயரிலும் மனைவி பெயரிலும் வாங்கினோம். 99 வருட லீஸ், அதுவரைதான் வீடு எங்களுடையது. இந்த 2026இல் இன்னும் 83 வருடம் மிச்சம் என்று நினைக்கிறேன். கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை) வருடத்துக்கு 250 பவுண்ட், 25 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 12,000 பவுண்ட் கட்டினால் லீஸை 125 வருடமாக்கித் தருவதாக ஃப்ரீஹோல்டரின் (நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர்) ஏஜென்ட் கடிதம் போட்டிருக்கிறார். கிரவுண்ட் ரென்ட் பழையபடிதானாம். மச்சானோ, "புதுச் சட்டம் வருது, பேசாமல் இரு" என்கிறார். இரண்டு வருடத்தில் விற்கும் யோசனையும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்களிடம் 83 வருடம் இல்லை. நீங்கள் அனுப்பிய லீஸ் பிரதியில் "2008 மார்ச் 25 முதல் 99 வருடம்" என்று இருக்கிறது. கட்டடம் முழுவதற்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பிளாட்டாக விற்பது இங்கே வழக்கம். நீங்கள் சாவி வாங்கிய நாளை அந்தக் கணக்கு பார்க்காது. 2107 மார்ச் 24இல் லீஸ் முடிகிறது. அடுத்த வருடம் மார்ச் பிற்பகுதியில் மிச்சம் 80க்கு வந்துவிடும்.

அந்த 80தான் முக்கியம். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி லீஸை நீட்டினால் ஃப்ரீஹோல்டர் இழப்பதற்கு ஈடு கொடுக்க வேண்டும். மிச்சக் காலம் 80க்கு மேல் இருக்கும்வரை அவ்வளவுதான். 80ஐத் தொட்டுவிட்டால் 'மேரேஜ் வேல்யூ' என்று ஒன்று சேரும். நீட்டியதால் வீட்டுக்குக் கூடும் மதிப்பில், அவருடைய இழப்பைக் கழித்தபின் மிஞ்சுவதில் பாதி அவருக்கு. விளங்குவதற்காகச் சில எண்கள்: நீட்டியபின் பிளாட் 400,000, இப்போதைய லீஸோடு 360,000, அவர் இழப்பு 16,000 என்று வையுங்கள். மிஞ்சுவது 24,000, அதில் பாதி 12,000. ஒரு நாள் முந்தினால் 16,000, பிந்தினால் 28,000! உங்கள் வீட்டுக்குச் சரியான எண்ணை லீஸ் வேலை தெரிந்த சர்வேயர்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் காசில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது ஏஜென்டின் கடிதம். 12,000 மலிவாகத்தான் தெரியும். ஆனால் கிடைப்பது 44 வருடம்தான். கிரவுண்ட் ரென்டும் 2107 வரை ஓடும்: 2033இல் 500, 2058இல் 1,000, 2083இல் 2,000. இனிக் கட்ட வேண்டியதைக் கூட்டினால் 87,000 பவுண்டைத் தாண்டுகிறது. சட்டப்படி போனால் இருப்பதன் மேல் 90 வருடம், கிரவுண்ட் ரென்ட் பூஜ்யம். உங்கள் பிளாட்டை வாங்க வருகிறவரின் சொலிசிட்டர் இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பார். இந்தக் கடிதத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மச்சான் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டுச் சட்டம் 990 வருட நீட்டிப்பு தருகிறது, மேரேஜ் வேல்யூவை எடுத்துவிடுகிறது, ஃப்ரீஹோல்டரின் செலவையும் பெரும்பாலும் உங்கள் தலையிலிருந்து இறக்குகிறது. ஆனால் நான் இதை எழுதும்போது இவை நடைமுறைக்கு வரவில்லை. அதிலிருந்து 2025 ஜனவரி 31 முதல் அமலுக்கு வந்த ஒன்று, வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. உங்களுக்கு அதனால் பயனில்லை. 60 வருடம் மிச்சமுள்ள ஒருவர் கேட்டிருந்தால் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன், எப்படியும் அவர் அந்த 80 வருடக் கோட்டைத் தாண்டிவிட்டார். நீங்கள் இன்னும் தாண்டவில்லை. மச்சானா வந்து அந்த மேரேஜ் வேல்யூ 12,000ஐக் கட்டப் போகிறார்?

ஆகவே லீஸை நீட்டச் சட்டப்படி கேட்கும் செக்ஷன் 42 நோட்டீஸை இந்தக் கிறிஸ்மஸுக்குள் அனுப்பிவிடுங்கள். விலை கணக்கிடும் நாள் நோட்டீஸ் கொடுக்கும் நாள்தான், பிறகு பேச்சு எவ்வளவு இழுத்தாலும் மிச்ச வருடம் அங்கேயே நிற்கும். மனைவியும் சேர்ந்தே அதைக் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அவருடைய சொலிசிட்டர், சர்வேயர் ஆகியோரின் நியாயமான செலவும் உங்களுடையது, அதையும் ஒதுக்கி வையுங்கள். அவர் பதில் நோட்டீஸ் தந்தும் விலை படியாவிட்டால், அந்தப் பதில் நோட்டீஸ் தந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், இதைத் தீர்த்துவைக்கும் ட்ரிபியூனலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் நோட்டீஸ் செத்துப்போகும், மறுபடி கொடுக்க ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அதற்குள் 80 போய்விடும்.

விற்பதற்கு இது தடையில்லை. நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, விற்கும்போது அந்த உரிமையையும் வீட்டோடு சேர்த்தே வாங்குகிறவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். வீடு இன்று, உரிமை நாளை என்று பிரித்துக் கொடுத்தால் செல்லாது. இதை உங்கள் சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.